பக்கத்து வீட்டில் பட்டறை, கோட்டையில் கோப்பு: வாசகர் கேள்விக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: அம்பத்தூரில், 1980களில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு ஒன்றில் நீண்ட காலமாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் பக்கத்து மனைக்காரர், குடியிருப்புக்கென்று பிளான் வாங்கிக் கட்டிய வீட்டின் தரைத்தளத்தைக் கிரில் பட்டறையாக மாற்றிவிட்டார். இரும்பு அறுக்கும் சத்தமும் பெயிண்ட் நெடியும் தாங்க முடியவில்லை. நான் கொடுத்த புகார்களின் பேரில் மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. பிறகு பூட்டிச் சீல் வைக்கப்போவதாகவும் அறிவித்தது. உடனே அவர் அரசிடம் மனுப் போட்டுவிட்டார். அதிலிருந்து எதுவும் நகரவில்லை. "கோப்பு கோட்டையில் இருக்கிறது, நாங்கள் கைவைக்க முடியாது" என்கிறார் உதவிப் பொறியாளர். பக்கத்து வீட்டுக்காரரோ, தன்னிடம் தொழில் உரிமம், ஜி.எஸ்.டி., தொழில் மின் இணைப்பு எல்லாம் இருப்பதாகவும், அம்பத்தூரே தொழிற்பேட்டைதான் என்றும் சொல்கிறார். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மட்டும் வேலை செய்வதாகவும், பதிலுக்கு எனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தரும்படியும் பொது நண்பர் மூலம் கேட்கிறார். மறுத்தால், என் மருமகள் முன்னறையில் நடத்தும் தையல் வகுப்பைப் பற்றியும், நாங்கள் பின்பக்கம் இறக்கிய ஷீட் கொட்டகையைப் பற்றியும் புகார் கொடுப்பாராம். இது அவருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு, இதில் எனக்கு இடமே இல்லை என்கிறார்கள். உண்மையா? நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், முடிச்சு விழுந்திருப்பது உதவிப் பொறியாளர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் என்பது என் கருத்து. கோப்பு கோட்டையில் இருப்பது வேறு, நடவடிக்கைக்குத் தடை ஆணை இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் மனுதாரருக்கும் ஆதாயம், கீழ்மட்ட அலுவலருக்கும் வசதி; உங்களைப் போன்றவர்கள்தான் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆகவே, மாநகராட்சியின் கையைக் கட்டியிருப்பது எந்த ஆணை, அது எந்தத் தேதியில் யாரால் பிறப்பிக்கப்பட்டது என்பதைத்தான் நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு மூன்று விதமான விடைகள் வரலாம். முதலாவது, அனுமதியின்றியோ, அனுமதிக்கு மாறாகவோ செய்த கட்டுமானத்தை நீக்கவும் உபயோகத்தை நிறுத்தவும் சொல்லும் அறிவிப்பு, தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56-ஆவது பிரிவின் கீழ் வருவது. அப்படி அறிவிப்புப் பெற்றவர், அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள், இருக்கிற கட்டடத்தையோ உபயோகத்தையோ அப்படியே தொடர அனுமதி கேட்டு 49-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் தீரும்வரை அறிவிப்பு செயலற்றுக் கிடக்கும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி விண்ணப்பித்திருந்தால், அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் திட்ட அனுமதி அதிகாரிகளே. கோட்டையைக் காரணம் காட்டி அவர்கள் காலம் கடத்த முடியாது. இரண்டாவது, அதே சட்டத்தின் 80-ஏ பிரிவின் கீழ் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையிடம் அவர் மனுச் செய்து, அதன் மேல் அரசு இடைக்கால ஆணை பிறப்பித்திருக்கலாம். மூன்றாவது, அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அரசு அந்த மனுவை முடிவு செய்யும்வரை நடவடிக்கை வேண்டாம் என்று ஓர் உத்தரவு வாங்கியிருக்கலாம். இம்மூன்றும் இல்லாமல், மனு போட்டதற்கான ஒப்புகைச் சீட்டை மட்டும் மண்டல அலுவலகத்தில் நீட்டி அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

எது உண்மை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இந்த எண்ணும் தேதியும் கொண்ட அறிவிப்பின் மேல்நடவடிக்கைக்குத் தடை விதித்து அரசோ நீதிமன்றமோ பிறப்பித்த ஆணை ஏதும் இருப்பின் அதன் நகல், இல்லையெனில், இல்லை என்ற பதில்" என்று கேளுங்கள். ஒரு விண்ணப்பம் மண்டல அலுவலகத்துக்கும், மற்றொன்று தலைமைச் செயலகத்தில் அத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும் போகட்டும். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் பயனில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மனுதாரரின் சொந்த விவரம் என்று சொல்லி மனுவின் நகலை மறுத்தாலும் மறுக்கலாம். ஆணை உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு அந்தக் காரணம் பொருந்தாது. தடை ஆணை இல்லை என்று எழுத்தில் ஒரு பதில் வாங்கிவிட்டால், மாநகராட்சி தன் அறிவிப்பைத் தானே நிறைவேற்றாமல் வைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்.

இந்த வழக்கில் உங்களுக்கு இடமே இல்லை என்பது தவறு. இதே போன்ற ஒரு சண்டைதான் கர்நாடகத்தின் உடுப்பியில் நடந்தது. நகரமைப்புத் திட்டத்துக்கு மாறாக, குடியிருப்புப் பகுதியில் சினிமாக் கொட்டகை கட்ட நகராட்சி அனுமதி கொடுத்தது. அப்பகுதியில் குடியிருந்த ஒருவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அனுமதி செல்லாது என்று கண்டுகொண்ட உயர் நீதிமன்றம், பெருந்தொகை செலவழித்துக் கட்டிவிட்டாரே என்று இரக்கப்பட்டுக் கட்டடத்தை விட்டுவைத்தது. 1974-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நகரமைப்புத் திட்டம் அப்பகுதிவாசிகளின் நன்மைக்காக ஏற்பட்டது. அதை உள்ளாட்சி அமைப்பு கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்க வரி கட்டும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. செலவு செய்துவிட்டார் என்பதற்காகச் சட்டமீறல் சரியாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. ராமதாஸ் ஷெனாய் வழக்கு என்ற பெயரில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நீங்கள் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதற்கு அந்த ஒரு தீர்ப்பே போதும்.

எனவே அரசின் துறைச் செயலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். அறிவிப்புக்குக் காரணமான புகார்தாரர் நீங்கள் என்றும், மதில் ஒட்டிய மனையில் குடியிருப்பதால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறீர்கள் என்றும், அந்த மனுவை விசாரிக்கும்போது உங்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றும் கோருங்கள். உங்கள் புகார்களின் நகல்களையும் மாநகராட்சி அறிவிப்பின் நகலையும் இணையுங்கள். இந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்துவிட்டால், உங்களைக் கேட்காமல் அவருக்குச் சாதகமாக ஓர் ஆணை பிறப்பது கடினம். அப்படிப் பிறந்தாலும் அதை எதிர்ப்பது எளிது.

இனி, எல்லாவற்றுக்கும் அடித்தளமான ஒரு காரியம் உங்கள் காகிதங்களில் இல்லை. அது நில உபயோகச் சான்று. சென்னைப் பெருநகருக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2008 செப்டம்பரில் அரசு ஒப்புதல் கொடுத்த இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஓர் உபயோகம் குறித்திருக்கிறார்கள்: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை என்று. உங்கள் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றது என்பதால் மட்டும் அது ஆதாரக் குடியிருப்பு என்று ஆகிவிடாது. பிரதான சாலையை ஒட்டிய பல தெருக்கள் கலப்புக் குடியிருப்பாக இருக்கின்றன. பட்டறை இருக்கும் மனையின் உபயோகம் எது என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் எழுத்தில் வாங்குங்கள். இதில் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. உங்கள் பட்டாவில் இருப்பது வார்டு, பிளாக்கோடு கூடிய நகர நில அளவை எண். முழுமைத் திட்டமோ வருவாய்க் கிராமத்தின் பழைய சர்வே எண்ணை வைத்துப் பேசும். உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய எண் இருக்கும்; இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். எண் மாறிப் போட்டுத் தவறான சான்றை வாங்கி, அதன் மேல் வழக்கையே கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

"அம்பத்தூரே தொழிற்பேட்டைதான்" என்ற வாதம் இந்தச் சான்றின் முன் நிற்காது. 1960களில் உருவான அந்தத் தொழிற்பேட்டைக்குத் தனி எல்லை உண்டு. அதை ஒட்டி வளர்ந்த குடியிருப்புத் தெருக்கள் அந்தப் பெயரால் தொழிற்பகுதி ஆகிவிடவில்லை. ஆனால் ஆதாரக் குடியிருப்பில் எந்தத் தொழிலுமே கூடாது என்றும் நீங்கள் வாதிடக் கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 அங்கேயும் சில குடிசைத் தொழில்களையும் சிறு கடைகளையும் வீட்டில் இருந்தபடி செய்யும் தொழில்களையும் வரம்புக்குள் அனுமதிக்கிறது. அந்த வரம்பு தொழிலின் வகையையும் பரப்பையும் மோட்டார்களின் குதிரைத்திறனையும் வைத்து அமைந்தது. எனவே பட்டறைக்கு ஒப்பளிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பது உங்கள் வழக்கில் முக்கியமான சான்று. ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட் என்ற கணக்கில் அதை மாற்றிப் பார்த்தால், வரம்புக்குள் அடங்குகிறதா, மீறுகிறதா என்று அதிகாரி தட்டிக்கழிக்காமல் சொல்லியாக வேண்டும். ஆய்வின்போது வெல்டிங் மெஷின், கட்டர், கம்ப்ரஸர் ஒவ்வொன்றின் திறனையும் குறித்துக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். "இரைச்சல் அதிகம்" என்ற ஆய்வுக் குறிப்பைவிட, மெஷினின் தகட்டில் பொறித்திருக்கும் எண் நீதிமன்றத்தில் அதிகம் பேசும்.

அவர் காட்டும் காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. வரிக்கான பதிவு. மின் இணைப்பின் கட்டண விகிதம் மின்சாரத்துக்கான விலை. சொத்துவரியைக் கூடுதல் விகிதத்தில் கட்டுவதும் உபயோகத்துக்கு அங்கீகாரம் ஆகாது. மாநகராட்சியின் தொழில் உரிமம் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஒரு கையால் உரிமம் கொடுத்துவிட்டு மறு கையால் சீல் வைக்க வருகிறார்களே என்று அவர் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அது வேறு சட்டம், இது வேறு சட்டம். உரிமம் இருப்பதால் திட்ட அனுமதி வந்துவிடாது. மேலும், மீரட் நகரில் குடியிருப்பு மனையில் அனுமதியின்றிக் கடைகள் கட்டிய வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அங்கீகாரமற்ற கட்டடத்தில் தொழில் நடத்த எந்த அமைப்பும் உரிமம் வழங்கக் கூடாது என்றும், உபயோகம் மண்டலத் திட்டத்துக்கு இசைந்தே இருக்க வேண்டும் என்றும், அதிகாரிகளின் மெத்தனமும் காலம் கடந்ததும் மீறலுக்குக் கவசம் ஆகாது என்றும், கடமை தவறிய அலுவலர்மேல் துறை நடவடிக்கை வேண்டும் என்றும் நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மண்டல வருவாய்ப் பிரிவுக்குத் தனியே ஒரு கடிதம் கொடுங்கள். உரிமத்துக்கு முடிவுத் தேதி உண்டு. புதுப்பிக்கும் நேரத்தில் கோப்பில் உங்கள் ஆட்சேபனை இருந்தால் அலுவலர் தயங்குவார்.

உங்கள் புகார்களைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. ஒன்றில் சீல் வைக்கச் சொல்கிறீர்கள், இன்னொன்றில் கட்டடத்தையே இடிக்கச் சொல்கிறீர்கள், மூன்றாவதில் சத்தம், நெடி, தெருவில் லோடு ஏற்றும் வண்டி, பையன்கள் பேசும் பேச்சு எல்லாம் கலந்திருக்கின்றன. முதல்வரின் முகவரித் துறைக்கு அனுப்பிய மனுவை, "சாலையில் நின்ற வண்டி அகற்றப்பட்டது" என்று எழுதி முடித்துவைத்ததற்கு நீங்களே இடம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டடம் வீடாக அனுமதி பெற்றுக் கட்டியது; மீறல் அதன் உபயோகத்தில்தான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, பட்டறை உபயோகத்தை நிறுத்தி, அனுமதித்த குடியிருப்பு உபயோகத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது மட்டும். இடிக்கச் சொன்னால் வழக்கு பெரிதாகும், அனுதாபம் அவர் பக்கம் போகும். போதாதற்கு, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகளுக்கென்று வகுத்த முன்னறிவிப்பு, நேரடி விசாரணை போன்ற படிகள் அனைத்தையும் தாண்டியாக வேண்டும்.

சத்தத்துக்கு வேறு கதவைத் தட்டுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதற்கு மேல் 10 டெசிபல் அல்லது கூடுதலாக இருந்தால் புகார் கொடுக்கலாம். கைப்பேசிச் செயலியில் எடுத்த அளவை இணைப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தை அளவெடுக்கச் சொல்லி எழுதுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை நீக்கக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடமும் போகலாம்; ஆனால் அது உங்கள் ஒரு வீட்டின் தொல்லையாக நிற்காமல் தெருவின் தொல்லையாக இருக்க வேண்டும் என்பதால், இன்னும் சில வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் எடுபடும்.

ஆட்சேபனை இல்லாக் கடிதத்தைக் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் சம்மதித்துவிட்டார் என்பதால் நில உபயோகம் மாறிவிடாது. ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒற்றைத் தாள் கோட்டையிலும் நீதிமன்றத்திலும் உங்களுக்கு எதிராக முதல் ஆவணமாக நீட்டப்படும். ஒன்பது முதல் ஆறு என்ற வாக்குறுதி ஒரு தீபாவளி சீசனைத் தாண்டாது. சமாதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டறையில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைத் தெருவில் நிறுத்துவது உங்கள் நோக்கம் அல்ல என்பதும் தெரிகிறது. நடந்து போகும் தூரத்தில் தொழிற்பேட்டை இருக்கும் ஊரில் வாடகைக்கு ஒரு ஷெட் பிடிப்பது முடியாத காரியம் அல்ல. இத்தனை மாதத்துக்குள் பட்டறையை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்று தேதியோடு அவர் மாநகராட்சியிடம் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கட்டும். அந்தக் காலம்வரை நீங்கள் வற்புறுத்த மாட்டீர்கள் என்று அதே கோப்பில் எழுதுங்கள். பொது நண்பர் சுமந்து போக வேண்டிய செய்தி இதுதான்.

அவர் பதில் புகார் கொடுப்பதைப் பற்றி: மருமகளின் தையல் வகுப்பு, குடியிருப்பவரே வீட்டின் ஒரு பகுதியில் சிறிய அளவில் நடத்துவது என்ற வகையில் பாதுகாப்பாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்; பெயர்ப்பலகையைப் பெரிதாக்கி வெளியாட்களை வேலைக்கு வைத்தால் கதை மாறும். பின்பக்க ஷீட் கொட்டகை அப்படி அல்ல. பக்கவாட்டிலும் பின்னாலும் விட வேண்டிய திறந்தவெளியில் அது இறங்கியிருந்தால் அதுவும் மீறல்தான். வழக்குப் போடுமுன் அதைக் கழற்றிவிடுங்கள். செலவு சில ஆயிரம். அதனால் தவிர்க்கப்படுவது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிபதி முன் உங்கள் வீட்டின் புகைப்படத்தை விரிக்கும் அந்தக் காட்சி.

இவ்வளவுக்குப் பிறகும் அசைவில்லையென்றால் அரசியல் சட்டத்தின் 226-ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் பேராணை மனு. அதில் பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவரை விட்டுவிட்டு வாங்கும் உத்தரவு நிலைக்காது. வேண்டுகோளை எழுதும்போது கவனம் தேவை. "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக" என்று கேட்டால், எட்டு வாரத்தில் பரிசீலிக்கவும் என்று முதல் நாளே உத்தரவு கிடைக்கும். மாநகராட்சி பரிசீலித்து, கோட்டையில் நிலுவை என்று மறுபடி எழுதும். நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். ஆகவே குறிப்பிட்ட எண், தேதி கொண்ட அறிவிப்பை நிறைவேற்ற உத்தரவிட வேண்டும், அரசு தன்னிடமுள்ள மனுவை உங்களையும் கேட்டு இன்ன காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். தடை ஆணை இல்லை என்ற தகவல் உரிமைப் பதில் அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும். உத்தரவு வந்தும் நிறைவேற்றாவிட்டால், நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டுதான் காலவரம்பு என்பதையும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இத்தகைய வழக்குகளில் தோற்பவர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதில்லை. விதி மாறிவிடுவதால் தோற்கிறார்கள். டெல்லியில் 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்குச் சீல் வைக்கத் தொடங்கியபோது, சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கான தெருக்களைக் கலப்பு உபயோகத்துக்கு உரியவை என்று அறிவித்துவிட்டார்கள். இங்கேயும் 1971 சட்டத்தின் 32-ஆவது பிரிவின் வழியே தனி மனைக்கும் உபயோக மாற்றம் கேட்க முடியும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு வந்து ஆட்சேபனை கேட்பார்கள். அந்த அறிவிப்பு ஒரு மூலையில் சிறிய எழுத்தில் வரும்; உங்கள் வருவாய்க் கிராமப் பெயரையும் பழைய சர்வே எண்ணையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு அதைத் தேடுங்கள். அதோடு, 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவில் உங்கள் தெருவுக்கு என்ன நிறம் பூசப்படுகிறது என்பதையும் பார்த்து, தேவைப்பட்டால் தெருவாசிகள் சேர்ந்து கெடுவுக்குள் ஆட்சேபனை கொடுங்கள்.

தகவல் உரிமை விண்ணப்பங்கள் இரண்டையும் நில உபயோகச் சான்றுக்கான விண்ணப்பத்தையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். சான்றில் கலப்புக் குடியிருப்பு என்று வந்தால் வேறு எதுவும் செய்யாமல் எனக்கு எழுதுங்கள். அப்போது குதிரைத்திறன் வரம்பும் ஒலி மாசும் மட்டுமே உங்கள் கையில் மிஞ்சும், மனுக்களை வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.